வளைகாப்புக்கு 160 பேர்: கடை பிரியாணியா, மாஸ்டர் தம்மா, வீட்டுக் கலவை சாதமா?

என் தங்கைக்கு இது ஏழாம் மாதம். வைகாசி இரண்டாவது ஞாயிறு வளைகாப்பு. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் சின்ன ஹால் ஒன்று பிடித்தாயிற்று. 160 பேரை அழைத்திருக்கிறோம். வளையல், பூ, புடவை எதிலும் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. சாப்பாட்டில் மட்டும் வீடு மூன்றாகப் பிரிந்து நிற்கிறது.

தம்பி, பெயரெடுத்த கடையில் பிரியாணி சொல்லிவிடலாம் என்கிறான். கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள், நமக்கு அலைச்சல் இல்லை. அப்பாவுக்கு, மாஸ்டரைக் கூப்பிட்டு ஹால் பின்கட்டில் விறகடுப்பு மூட்டித் தம் போட வேண்டும். ஆயாவும் பெரியம்மாவும், "சீமந்தத்துக்குக் கறி எதுக்கு? ஏழு வகை சாதம் நாங்களே கிளறிடுறோம்" என்கிறார்கள்.

மூன்றையும் நான் ஒரே கணக்கை வைத்துத்தான் பார்த்தேன். சோறு அடுப்பிலிருந்து இறங்குவதற்கும் கடைசிப் பந்தியின் கடைசி இலைக்குப் போவதற்கும் நடுவே எத்தனை மணி நேரம்? விலை, ருசி, அலைச்சல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கணக்கு எனக்கு வந்தது நான்கு வருஷத்துக்கு முன்னால், என் மகனுடைய காதுகுத்தில். பிரியாணி காலை ஒன்பதரைக்கே வந்து இறங்கிவிட்டது. வேலை சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷப்பட்டோம். பந்தி போட்டது ஒன்றரை மணிக்கு. வாசனை நன்றாக இருந்தது, ருசி நன்றாக இருந்தது, எல்லோரும் இரண்டாவது முறை கேட்டு வாங்கினார்கள். நள்ளிரவு தாண்டி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் போன் வர ஆரம்பித்தது. வயிற்றைப் பிடித்து முறுக்குகிறது, பேதி நிற்கவில்லை. மறுநாள் நானே எல்லோரையும் கூப்பிட்டு எண்ணினேன்; 28 பேர். என் மாமனார் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தார். அன்றைக்கு டாக்டர் முதலில் கேட்டது "என்ன சாப்பிட்டீங்க" என்று இல்லை. "எத்தனை மணிக்கு சமைச்சது, எத்தனை மணிக்கு சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" மூன்று நேரங்கள். அதிலிருந்தே பாதியைப் புரிந்துகொண்டார்.

அந்த மூன்று நேரங்களும் ஏன் முக்கியம் என்று பிறகுதான் தேடிப் படித்தேன். சமைத்த உணவில் கிருமி பெருகுவதற்குத் தோதான சூடு 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரை. வசதியான சூட்டில் பல கிருமிகள் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரே ஒரு கிருமி ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று இதைத்தான் சொல்கிறது: சமைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே, பரிமாறும்வரை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திரு. வைகாசியில் எங்கள் வீட்டுக்குள் மின்விசிறி ஓடும்போதே 34, 35 டிகிரி இருக்கும். கிருமிக்கு அதைவிட நல்ல இடம் வேண்டாம்.

கறியில் ஒரு கிருமி உண்டு, கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜன்ஸ். கொதித்தாலும் அதன் வித்து சாகாது. பெரிய பாத்திரம் மெல்ல ஆறும்போது முளைத்துக்கொள்ளும். நாற்பத்து சொச்சம் டிகிரியில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறைகூட இரட்டிக்கும். சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்றுவலியும் பேதியும். எங்கள் வீட்டில் நடந்த நேரமும் இதோடு ஒத்துப்போனது. சோற்றில் பாசில்லஸ் செரியஸ் என்று இன்னொன்று. அதன் வித்தும் கொதிநீருக்கு அசையாது. அது விடும் ஒருவகை நஞ்சு திரும்பச் சூடுபண்ணினாலும் அழியாது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. மூன்றாவது கையிலிருந்து வருவது, ஸ்டாஃபைலோகாக்கஸ். விரலில் வெட்டுக்காயம், மூக்கைத் தொட்ட கை, அவ்வளவு போதும். இதன் நஞ்சும் சூட்டுக்குப் பயப்படாது.

இந்த மூன்றில் எதுவும் சோற்றை ஊச வைப்பதில்லை, நூல் விட வைப்பதில்லை. முகர்ந்து பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்கிற நம் பழக்கம் இங்கே கைகொடுக்காது. காதுகுத்தன்று நானும் முகர்ந்து பார்த்தேன்.

தம்பியின் யோசனை: கடையில் சொல்லிவிடுவது

கடைக்கு ஆதரவாக நிறையச் சொல்லலாம். தினமும் டேக்சா டேக்சாவாக, அதாவது பெரிய பெரிய பிரியாணிப் பாத்திரங்களாக, இறக்குகிறவர்களுக்குக் கைப்பழக்கம் நம் எல்லோரையும்விட அதிகம். கறி வேகாமல் வராது. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் பில்லில் இருக்கும். இல்லையென்றால் அந்தக் கடையே வேண்டாம். ஏதாவது நடந்தால் கேட்பதற்கு ஒரு முகவரி இருக்கிறது. மூடியைத் திறக்காத பெரிய டேக்சா, தணலோடு இருந்தால், நான்கைந்து மணி நேரம்கூடச் சூட்டை இழக்காது. அந்தக் கனமே அதற்குக் காவல்.

ஆனால் நமக்கு வருவது அந்த டேக்சாவா என்பதுதான் கேள்வி. நான் இரண்டு கடையில் நேரில் போய்க் கேட்டேன். இரண்டு இடத்திலும் தம்மை உடைத்து, அலுமினிய அண்டாவிலோ பிளாஸ்டிக் பக்கெட்டிலோ மாற்றித்தான் அனுப்புவார்கள். உடைத்த நிமிஷத்திலிருந்து சூடு இறங்க ஆரம்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குக் கூட்டம் அதிகம். "பத்து மணிக்கு குட்டியானையில ஏத்திடுவோம்மா, பதினொன்னுக்கு மேல வண்டி கெடைக்காது" என்றார் ஒருவர். உண்மையைச் சொன்னதற்கு அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இனி கணக்குப் போடுங்கள். பத்து மணிக்கு ஏற்றுகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால், அல்லது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால், அரை மணி நேரப் பாதை ஒன்றரை மணி ஆகும். இந்தப் பக்கம் குடியிருக்கும் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. ஞாயிறு 12இலிருந்து ஒன்றரை வரை எமகண்டம், அதனால் வளையல் அடுக்குவது 12க்குள் முடியணும் என்று பெரியம்மா நேரம் குறித்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் பொன்னேரியிலிருந்து ரயிலில் வர வேண்டும். நலங்கு முடிந்து முதல் பந்தி பன்னிரண்டே காலுக்கு உட்கார்ந்தால் அதிர்ஷ்டம். ஹாலில் ஒரு பந்திக்கு 50 பேர்தான். நான்காவது பந்தி எழும்போது இரண்டரை. தம் உடைத்து நான்கரை மணி நேரம்.

அதோடு வருகிற துணைப் பதார்த்தங்கள் எனக்குப் பிரியாணியைவிடப் பயம். அவித்த முட்டையை விடியற்காலையில் நூற்றுக்கணக்கில் கையால் உரித்துக் குவித்து வைத்திருப்பார்கள். அதன் பிறகு அது அடுப்பைப் பார்ப்பதே இல்லை. வெங்காயத் தயிர் பச்சடியும் அப்படித்தான், சூடே படாத பொருள். சிக்கன் 65ஐக் காலையில் அரைப் பொரிப்பாகப் பொரித்து எடுத்து வைத்துக்கொண்டு, கேட்கும்போது இன்னொரு தடவை எண்ணெயில் போட்டுத் தருகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. மேலே சிவந்து மொறுமொறுவென்று இருக்கும். நடு வேகாமலே மணிக்கணக்காக வெளியில் இருந்த துண்டு அது. கோழியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டால்தான் சால்மோனெல்லா என்ற கிருமி செத்தது என்று நம்பலாம்.

தம்பி 65க்குத் தொட்டுக்கொள்ள மயோனைஸ் வேண்டும் என்றான். பச்சை முட்டையில் அடிக்கிற மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருஷத்துக்குத் தடை செய்தது. அது சும்மா செய்த தடை இல்லை. பச்சை முட்டை, எண்ணெய், வெயில், இந்த மூன்றும் சேர்ந்த கிண்ணத்தைக் கர்ப்பிணி உட்காருகிற பந்தியில் நான் வைக்க விடமாட்டேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

கடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சமைக்க இடமில்லாத வீட்டுக்கு, அடுக்குமாடிக் குடியிருப்புக்கு, அதுதான் வழி. அப்போது இரண்டு நிபந்தனை வையுங்கள். பாதிப் பாதியாக இரண்டு நடையில் கொண்டுவர வேண்டும், இரண்டாவது நடை நேரம் எழுத்தில் இருக்க வேண்டும். முட்டையையும் பச்சடியையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு நீங்களே செய்துகொள்ளுங்கள். 60 பேருக்குள் என்றால், ஒரே பந்தியில் எல்லோரும் உட்கார முடியும் என்றால், கடையே போதும்.

ஆயாவின் யோசனை: வீட்டில் ஏழு வகை

வீட்டுச் சாப்பாடு சுத்தம் என்பது நாம் எல்லோரும் கேள்வி கேட்காமல் நம்புவது. நானும் நம்பினேன். எட்டுப் பேருக்குச் சமைக்கும்போது அது சரி. 160 பேர் என்றதும் கணக்கு தலைகீழாகிறது.

ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று வைத்தாலும் 16 கிலோ. எங்கள் வீட்டு அடுப்பில் ஏறக்கூடிய பெரிய குண்டானில் ஒரு தடவைக்கு இரண்டு கிலோ வடிக்கலாம். எட்டு ஈடு. ஒரு ஈட்டுக்கு முக்கால் மணி. அதிகாலை ஐந்துக்கு ஆரம்பித்தால் கடைசி ஈடு வடிய பதினொன்று ஆகும். அதாவது முதல் ஈடு, பரிமாறும்போது ஏழெட்டு மணி நேரப் பழசு. அதுவும் எப்படி இருக்கும்? சூடாகவும் இல்லை, குளிர்ந்தும் இல்லை. கிளறுவதற்காக ஆறவிட்ட சோறு. கலந்த பிறகு அண்டாவில் அமுக்கிக் குவித்து வெள்ளைத் துணி போட்டு மூடி வைப்போம். மேலே தொட்டால் ஆறியிருக்கும். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். பாசில்லஸ் செரியஸுக்கு அந்த வெதுவெதுப்புதான் வேண்டும்.

இதை ஆயாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "புளிச் சோறு மூணு நாள் தாங்கும்டி, திருப்பதிக்கு நடந்து போறப்ப அதைத்தான் கட்டிக்கினு போவோம்" என்றார். அவர் சொன்னது சரி. ஏழு வகையும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

புளிச்சோறு முதல் தரம். புளியின் அமிலம், நல்லெண்ணெய், உப்பு மூன்றும் சேர்ந்து கிருமியைத் திணற வைக்கும். புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்பே காய்ச்சி வைக்கலாம். அன்றைக்குச் சோறு வடித்துக் கலப்பது மட்டும்தான் வேலை. எலுமிச்சைச் சோறு அதற்கு அடுத்தது, ஆனால் சாற்றில் கஞ்சத்தனம் கூடாது. மஞ்சள் நிறத்துக்காகப் பிழிகிற இரண்டு பழம் காவல் காக்காது. தக்காளிச் சோறு நடுவில். சர்க்கரைப் பொங்கலைச் சூடாகவே இறக்கிச் சூடாகவே பரிமாறலாம், தொந்தரவு இல்லை.

தயிர்ச்சோற்றில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புளிக்கக் கூடாது என்று நாம் நிறையப் பாலும் கொஞ்சம் தயிரும் விட்டுக் கலக்கிறோம். அப்படிக் கலந்தது முதல் சில மணி நேரம் தயிர்ச்சோறே அல்ல, பால் சோறு. காவலுக்கு அமிலம் இன்னும் வரவில்லை. மேலே தூவுகிற மாதுளை, திராட்சை, பச்சைக் கொத்தமல்லி எல்லாம் கழுவின தண்ணீரையும் கூடவே கொண்டுவரும். கடைசி நேரத்தில் கெட்டித் தயிரில் கலப்பதே நல்லது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது தேங்காய்ச்சோறு. புளிப்பு இல்லை, ஈரம் இருக்கிறது, சத்து இருக்கிறது, துருவியது கை. இந்த வெயிலில் நான்கு மணி நேரத்தில் தேங்காயின் வாசனையே மாறிவிடும். வளைகாப்புத் தட்டில் தேங்காய்ச்சோறு இல்லாமல் முடியாது என்று பெரியம்மா பிடிவாதமாக இருக்கிறார். தட்டுக்கு மட்டும் ஒரு கிண்ணம், சடங்குக்கு ஒரு மணி நேரம் முன்னால் கிளறியது என்று ஒத்துக்கொண்டோம்.

அப்பாவின் யோசனை: மாஸ்டர்

அப்பா சொல்கிற மாஸ்டர் வண்ணாரப்பேட்டைக்காரர், பாய். எங்கள் கல்யாணத்துக்கும் அவர்தான் வந்தார். நேரக் கணக்கில் இவரை யாரும் வெல்ல முடியாது. பன்னிரண்டுக்குத் தம் உடைத்தால் பன்னிரண்டே காலுக்கு இலையில் விழும். நடுவே வண்டியில்லை, கேட் இல்லை, கன்டெய்னர் லாரி இல்லை.

ஆனால் கடையில் நம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற அத்தனையும் இங்கே நம் பொறுப்பாகிறது. இடம், தண்ணீர், கை, பச்சைக் கறி. அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அவரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன்.

முதலில் டேக்சா. 160 பேருக்குக் கிலோவுக்கு ஒன்பது பேர் என்று 18 கிலோ அரிசி. அவர் ஒரே டேக்சாவில் போட நினைத்திருந்தார். "மூணு டேக்சாவா போடுங்க பாய், ஆறு ஆறு கிலோ. அரை மணி அரை மணி தள்ளித் தம் போடுங்க. முதல் பந்திக்கு ஒண்ணு உடைங்க, மத்தது மூடியே இருக்கட்டும்" என்றேன். விறகு கொஞ்சம் அதிகமாகும், ஒரு கையாள் கூடுதலாக வேண்டும் என்றார். சரி என்றேன். மூன்று வழிகளில் இதுதான் செலவு அதிகம். அந்த அதிகப் பணம் இந்த மூன்றாவது டேக்சாவுக்குத்தான் போகிறது என்று அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

அடுத்து கறி. முதல் நாள் ராத்திரியே வாங்கி மசாலா தடவி வைத்துவிடுவது அவர் வழக்கம். மசாலாவும் தயிரும் கறியைக் காப்பாற்றிவிடும் என்பது பாதி உண்மைகூட இல்லை. எங்களிடம் அத்தனை கிலோவுக்கு ஃப்ரிட்ஜும் கிடையாது. ராயபுரம் கல்மண்டபத்தில் விடியற்காலை வெட்டுகிற கடை தெரியும். நேரே ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டிக்குப் போய், அடுப்பு தயாரான பிறகுதான் வெளியே வர வேண்டும். ஐஸ் கறிமேல் நேராகப் படாமல் கவரில் கட்டிப் போடணும். காசிமேட்டுப் பக்கம் கிடைப்பது மீனுக்கான பார் ஐஸ். அது எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று நமக்குத் தெரியாது. சாப்பிடக் கூடாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருப்பதே இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். ரோஸ்மில்க்கில் அந்த ஐஸை உடைத்துப் போடுகிற பேச்சுக்கே இடமில்லை.

கறி அரிந்த பலகையிலேயே பச்சடி வெங்காயத்தை அரியக் கூடாது. பலகையும் கத்தியும் இரண்டு செட், வேறு வேறு ஆள். கோழியைக் குழாயடியில் பீய்ச்சிக் கழுவினால் தெறிக்கிற தண்ணீர் பக்கத்திலுள்ள கொத்தமல்லி, தட்டு, டம்ளர் எல்லாவற்றிலும் கிருமியைப் பூசும். நாங்கள் மட்டன்தான் போடுகிறோம், ஆனாலும் கழுவுவதற்குத் தனி மூலை.

கையைப் பற்றிப் பேசத் தயக்கமாகத்தான் இருந்தது. முப்பது வருஷமாகச் சமைக்கிறவரிடம் கை கழுவச் சொல்வது மரியாதைக் குறைவாகப் படுமோ என்று. மாமனார் கதையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கையில வெட்டு இருக்குற பையனை நான் அன்னிக்கு அடுப்புப் பக்கம் விடமாட்டேன்மா, வெறகு தூக்கட்டும்" என்றார். வயிற்றுப்போக்கு இருக்கிறவர் யாரும் அன்று வரக் கூடாது, வராதவர் கூலியை நாங்கள் தருகிறோம் என்றும் பேசிக்கொண்டோம். கூலி போகும் என்று பயந்துதான் உடம்பு சரியில்லாதவர்களும் வேலைக்கு வருகிறார்கள். குழாய் வைத்த டிரம், சோப்பு, அடுப்பிலிருந்து நான்கு எட்டில். தூரத்தில் வைத்தால் யாரும் போகமாட்டார்கள்.

தண்ணீர்தான் எனக்கு மிகப் பெரிய கவலை. வடசென்னையில் மெட்ரோ வாட்டர் குழாயும் சாக்கடைக் குழாயும் எவ்வளவு பக்கம் பக்கமாக ஓடுகின்றன என்பது அடிபம்பு அடிக்கிற எல்லோருக்கும் தெரியும்; கலங்கலாக வருகிற நாளில் வாடையே காட்டிக்கொடுக்கும். தெளிவாக வருகிற நாளிலும் நம்பிவிட முடியாது. ஹெபடைடிஸ் ஈ என்கிற மஞ்சள் காமாலை கெட்ட தண்ணீர் வழியாக வருவது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகிவிடும். கர்ப்பிணிக்கு, அதுவும் கடைசி மூன்று மாதத்தில் வந்தால், உயிரை எடுக்கக்கூடியது. என் தங்கை சரியாக அந்த மாதங்களுக்குள் நுழைகிறாள். அதனால் தண்ணீரை மூன்றாகப் பிரித்துவிட்டேன். பாத்திரம் கழுவ லாரித் தண்ணீர். சமையலுக்கும் பச்சடிக்கும் குடிக்கவும் சீல் உடையாத கேன். அவளுக்கு மட்டும் வீட்டில் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், அவளுடைய பாட்டிலில்.

பிரியாணிக்குத் தொட்டுக்கொள்கிற பருப்புக் குழம்பு, தாள்ச்சா, அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருக்கும், பிரச்சினை இல்லை. பச்சடியைப் பந்திக்குப் பந்தி புதிதாகக் கலக்க வேண்டும். தயிர் அதுவரை ஐஸ் பெட்டியில். முட்டை கிடையாது, 65 கிடையாது.

முடிவு இப்படி: மாஸ்டர் பிரியாணி, மூன்று டேக்சா. சடங்குத் தட்டுக்கு ஏழு வகையும் கிண்ணம் கிண்ணமாக. கறி சாப்பிடாத முப்பது பேருக்கு வீட்டில் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் மட்டும். மூன்று கிலோ அரிசி, இரண்டே ஈடு, ஒன்பதரைக்கு மேல் வடித்தது. ஆயாவுக்கு முழு திருப்தி இல்லை, ஆனால் புளிக்காய்ச்சல் அவர் கையால் என்றதும் சம்மதித்தார்.

மிச்சம்

இதில்தான் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது. எங்கள் பக்கம் விசேஷத்தில் மிஞ்சிய பிரியாணியைச் சாயங்காலம் பொட்டலம் கட்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது வழக்கம். ராத்திரிக்கு வீட்டு மனுஷர்களுக்கு அதே அண்டாவிலிருந்து. பகலில் சூட்டைக் காப்பாற்றிய அதே கனம் ராத்திரியில் ஆறவிடாமல் தடுக்கும். பெர்ஃப்ரின்ஜன்ஸுக்கு வேண்டியது அதுதான். பெரிய சமையலறைகளில் 60 டிகிரியிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அதிலிருந்து 5க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அண்டாவை அப்படியே மூலையில் வைத்தால் விடிந்தாலும் அது நடக்காது.

"பழைய சோறு தின்னு வளந்தவங்கதானே நாமெல்லாம்? அப்ப வராத நோவு இப்ப எங்கேருந்து வருது?" என்று ஆயா கேட்டார். நியாயமான கேள்வி. பழைய சோறு தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது. ராத்திரி முழுக்க லாக்டிக் அமில பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கிறது, அந்தப் புளிப்பே காவல். நம் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலேயே பழைய சோற்றைப் பற்றி ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். கறியும் நெய்யும் சேர்ந்த பிரியாணி அப்படிப் புளிக்காது, சும்மா கிடக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது ஆயா என்று சொன்னேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். கொடுப்பதை மூன்று மணிக்குள், சூடு இருக்கும்போதே கொடுத்துவிடுவோம். மூன்றாவது டேக்சாவை உடைக்கும் முன்பே ஆளைக் கணக்குப் பார்த்தால் தெரிந்துவிடும். "இப்பவே சாப்பிடுங்க, ராத்திரிக்கு வைக்காதீங்க" என்று வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். செய்தித்தாளில் மடிக்கக் கூடாது, அச்சு மை சோற்றில் இறங்கும். வீட்டுக்கு என்று எடுத்தால் அகலத் தட்டில் இரண்டு விரல் உயரம் பரப்பி ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில். மறுநாள் ஆவி பறக்கச் சூடு பண்ணி ஒரே தடவை. தங்கைக்கு அதுவும் வேண்டாம். லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும், கர்ப்பிணிகளுக்கு அது மற்றவர்களைவிடச் சுமார் பத்து மடங்கு எளிதில் தொற்றும்.

ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கிண்ணம் எடுத்து மூடி, நேரம் எழுதி, இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வைக்கப் போகிறேன். காதுகுத்து அன்றைக்கு எங்களிடம் பரிசோதனைக்குக் கொடுக்க ஒரு பருக்கை இல்லை. புகார் சொல்ல உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322 இருப்பதும் அப்போது தெரியாது. யாருக்காவது வாந்தி பேதி வந்தால் முதலில் ஓ.ஆர்.எஸ்.; பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், சிறுநீர் வராமல் போவது, குழந்தை துவண்டு படுப்பது, கர்ப்பிணி, வயதானவர் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிதான். 108.

நேற்று பாய்க்கு முன்பணம் கொடுத்தாயிற்று. சோற்றுக்குள் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது; அதை அவரிடம் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு டேக்சாவுலயும் நடுவுல குத்திப் பாத்துட்டுத்தான் எல போடச் சொல்லுவேன், நீ பந்தியைப் பாரும்மா" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் இன்னும் பெரியம்மாவிடம் பேச வேண்டியிருக்கிறது. பொன்னேரிக்காரர்கள் தாமதமானாலும் முதல் டேக்சாவை அவர்களுக்காக உடைத்து வைத்துக் காத்திருக்கக் கூடாது, வந்திருக்கிறவர்களை முதலில் உட்கார வைத்துவிட வேண்டும்.